பாடசாலைக்குப் போகும் வழி

"எத்தனை வயதிலே பிள்ளையைத் தனியாகப் பாடசாலைக்கு அனுப்பலாம்?" பெற்றோர் கூட்டங்களில் இப்பொழுது அடிக்கடி எழும் வினா இது. நம்முடைய பாட்டன்மார் இவ்வினாவைக் கேட்டறியார். ஏடு தொடக்கி இரண்டோர் ஆண்டுகள் சென்றதும் அண்ணன் கையைத் தம்பி பிடிக்க, தம்பி கையைத் தங்கை பிடிக்க, ஒழுங்கை வழியே பிள்ளைகள் தாமாகவே போய் வந்தனர். வழியில் அவர்கள் அஞ்சவேண்டியவை இரண்டே: ஒன்று கடிநாய், மற்றையது, மாங்காய்க்குக் கல்லெறிந்த வளவின் சொந்தக்காரர்.

பிள்ளைகள் இன்றும் அன்றுபோலவே இருக்கின்றனர். மாறியது வீதியே. குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டிருந்த 1990ஆம் ஆண்டுக்குப் பிற்பட்ட காலத்தை நினைத்துப் பார்ப்போம். அக்காலத்தின் துன்பங்களை நாம் மறந்துவிடவில்லை. அவற்றுள் எதுவும் திரும்பி வரவேண்டுமென்று நாம் விரும்பவுமில்லை. எனினும் ஒன்று உண்மை. மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடிய சில பழங் கார்களைத் தவிர, வீதியெல்லாம் சைக்கிளுக்கே உரியதாயிருந்தது. ஆசிரியரும் வைத்தியரும் சைக்கிளில் வந்தனர்; நெல்மூடையும் சைக்கிளில் வந்தது. பத்து வயதுப் பிள்ளை அக்கூட்டத்தோடு கூட்டமாகச் சென்றது. 2009ஆம் ஆண்டுக்குப் பின்னர் பாதைகள் திறந்தன, மோட்டார் சைக்கிள்கள் குவிந்தன, குண்டும் குழியுமாகக் கிடந்த வீதிகள் அகன்று காப்பெற் வீதிகளாயின. நல்ல வீதி வேண்டுமென்று நாமெல்லோருந்தான் கேட்டோம். ஆனால், வீதி நன்றாகுமளவுக்கு அதில் ஓடும் வாகனத்தின் வேகமும் கூடும் என்பதையும், அவ்வேகத்தின் ஓரத்திலேதான் நம்முடைய பிள்ளை நடந்து செல்லும் என்பதையும் அப்போது யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

இந்த நிலையிற் பெற்றோர் கண்ட வழி யாது? பிள்ளையைத் தாமே மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய்ப் பாடசாலை வாசலில் இறக்குதல். முச்சக்கரவண்டி பிடிக்க வசதியுள்ளோர் அதனைப் பிடிக்கின்றனர். வசதி மிக்கோர் கார் கொண்டு வருகின்றனர். அன்பினாற் செய்யும் காரியத்தைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. ஆயினும், காலை ஏழு மணி இருபது நிமிடத்துக்கு ஒரு பெரிய பாடசாலையின் வாசலில் நின்று பார்ப்பவர்களுக்கு உண்மை விளங்கும். ஐம்பது மோட்டார் சைக்கிள்கள் ஒரே வேளையில் நுழைய முயல்கின்றன. இறக்கிவிட்ட ஐம்பது திரும்ப முயல்கின்றன. வான் ஒன்று பின்பக்கமாக அசைகின்றது. தந்தையார் தலையிலே தலைக்கவசம் இருக்கின்றது. முன்னே ஒன்றும் பின்னே ஒன்றுமாக அமர்ந்திருக்கும் பிள்ளைகளின் தலையில் எதுவும் இல்லை. இத்தனைக்கும் நடுவே, நடந்து வரும் ஏழைப் பிள்ளை வாய்க்காற் கட்டின்மீது ஏறி, மதிலோடு மதிலாக ஒட்டிக்கொண்டு போகின்றது. அப்பிள்ளைக்கு ஆபத்தாக வந்து நிற்பது வேறெங்கோ இருந்து வந்த லொறியன்று. தம் பிள்ளையைக் காக்க வந்த மற்றொரு தந்தையின் வண்டியே. அதைக் கண்டு அஞ்சிய அப்பிள்ளையின் தாயார் மறுமாதம் கடன்பட்டேனும் ஒரு வண்டி வாங்குகிறார். வாசலில் ஐம்பத்தொன்றாவது வண்டி வந்து சேர்கின்றது.

இந்த நச்சுவட்டத்தை அறுத்த நாடொன்று உண்டு. யாழ்ப்பாணக் கோட்டையை இன்றைய வடிவிலே கட்டிய ஒல்லாந்தரின் நாடே அது. நெதர்லாந்து என்றதும் சைக்கிள்களே எல்லோர்க்கும் நினைவுக்கு வரும். அந்நாட்டார் பிறப்பிலேயே சைக்கிள் மிதிக்கக் கற்றவர்கள் என்று நம்மிற் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அது முழு உண்மையன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் செல்வம் பெருகப் பெருக, அங்கும் கார்களே வீதிகளை ஆண்டன. கார்களுக்கு வழிவிடுவதற்காக நகரங்களிற் பழைய வீடுகள் இடிக்கப்பட்டன. சைக்கிள்கள் ஓரத்துக்குத் தள்ளப்பட்டன. 1971ஆம் ஆண்டில் மட்டும் அந்நாட்டு வீதிகளில் 3,000க்கு மேற்பட்டோர் மாண்டனர்; அவர்களில் 400க்கு மேற்பட்டோர் சிறுவர்.

அவ்வாறு பலியான குழந்தைகளுள் ஒன்று, விக் லாங்கன்ஹொஃப் என்னும் பத்திரிகையாளரின் மகள். பாடசாலைக்குச் சைக்கிளிற் சென்றுகொண்டிருந்தபோது காரொன்றினால் மோதுண்டு அச்சிறுமி இறந்தாள். தந்தையார் 1972இல் 'டி டைட்' என்ற நாளிதழில் ஒரு கட்டுரை எழுதினார். 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்' என்பது அதன் தலைப்பு. 'விபத்து' என்ற சொல்லை அவர் ஆளவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். விபத்தென்றால் இடி விழுந்தது போன்றதொரு செயல், அதற்கு யாரும் பொறுப்பில்லை என்று மனம் ஆறிவிடும். கொலை என்றாலோ, செய்தவர் யார், அதற்கு இடங்கொடுத்தவர் யார் என்ற கேள்வி எழும். அத்தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. பெற்றோர் பிள்ளைகளோடு வீதியில் இறங்கினர். மோதல்கள் மிகுந்த இடங்களை மறித்து நின்றனர். வீதிகளை ஒரு நாளைக்கு அடைத்துப் பிள்ளைகளை அங்கே விளையாட விட்டனர். 1973ஆம் ஆண்டின் இறுதியில் எண்ணெய் நெருக்கடி வந்து, ஞாயிற்றுக்கிழமைகளிற் கார் ஓடக்கூடாதென்று அரசு விதித்தபோது, வெறுமையான பெருந்தெருக்களிலே மக்கள் குழந்தைகளோடு உலாவினர். தாம் இழந்திருந்தது எதுவென்பதைக் கண்ணாரக் கண்டனர். எரிபொருளுக்கு வரிசையில் நின்ற 2022ஆம் ஆண்டிலே, தூசிபடிந்த சைக்கிளைத் துடைத்து வெளியே எடுத்த நம்மவர்க்கும் இது ஓரளவு விளங்கும்.

பின்பு நிகழ்ந்தது மெதுவான வேலை. மனைகள் நெருங்கிய வீதிகளில் வாகனங்கள் நடைவேகத்திலேயே செல்லவேண்டுமென்று 1976இல் அங்கே சட்டம் வந்தது. பெருந்தெருக்களில் சைக்கிளுக்கெனத் தனிப்பாதை அமைக்கப்பட்டது. பாடசாலைச் சிறுவர்க்குச் சைக்கிளோட்டத்திற் பரீட்சையும் அங்கே நடைபெறுகின்றது. ஆனால் பரீட்சையோடு அவர்கள் நின்றுவிடவில்லை. பிள்ளைக்கு வீதியைக் கற்பித்ததோடு, வீதிக்கும் பிள்ளையைக் கற்பித்தனர் எனலாம். அந்நாட்டின் சனத்தொகை 1971இல் ஏறக்குறைய 1 கோடி 30 இலட்சம்; இன்று அது 1 கோடி 80 இலட்சத்தை ஒட்டி நிற்கின்றது. 2023இல் அங்கு வீதியில் இறந்தோர் 684 பேர். மக்கள் பெருகினர், வாகனங்கள் பன்மடங்கு பெருகின. சாவோ நான்கிலொரு பங்குக்கு இறங்கிற்று.

'பிள்ளைகளுக்குக் கவனம் சொல்லிக்கொடுத்தாற் போதாதா?' என்று கேட்போருண்டு. போதாது என்பதே நம் துணிபு. காரணம் பிள்ளையின் குறும்பன்று, அதன் பருவம். ஏழு வயதுப் பிள்ளையின் கண் நிற்கும் உயரத்திலே நாம் குந்தியிருந்து பார்த்தால், நிறுத்திவைத்த முச்சக்கரவண்டி ஒரு மதிலாகத் தோன்றும். வளர்ந்தவர் அதன் மேலால் வீதியைக் காண்கின்றார். பிள்ளை காண்பதற்கு வீதிக்குள் இறங்கவேண்டும். இனி, வருகின்ற வாகனம் எவ்வளவு தொலைவில் இருக்கின்றது என்பதைப் பிள்ளை ஒருவாறு சொல்லிவிடும். எவ்வளவு விரைவில் வருகின்றது என்பதை மதிப்பது அதற்கு அரிது. மணிக்கு 20 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் வரும் வாகனத்தின் வேகத்தை ஆரம்பப் பாடசாலைச் சிறுவர் சரியாக உணர்வதில்லை என்று லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த றோயல் ஹொலோவேக் கல்லூரி ஆய்வாளர் காட்டியிருக்கின்றனர். சுவீடன் நாட்டு உளவியலறிஞர் ஸ்டீனா சாண்டெல்ஸ் அம்மையார் 1960களிலேயே சிறுவரை வீதிகளில் உற்றுநோக்கி ஆராய்ந்து, சிறு பிள்ளைகளை இக்காலப் போக்குவரத்துக்கு ஏற்ப முற்றாகப் பழக்கிவிட முடியாது, போக்குவரத்தையே பிள்ளைகளுக்கு ஏற்ப மாற்றவேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். பல்லு முளைக்காத குழந்தையை முறுக்குக் கடிக்கவில்லை என்று யாரும் அடிப்பதில்லை. வேகத்தை மதிக்க முடியாத பிள்ளையை மட்டும் 'கண் தெரியாதா' என்று வைகிறோம்.

உயர்வகுப்பு மாணவர் ஒரு சிறு கணக்கைச் செய்து பார்க்கலாம். மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு செக்கனில் எட்டு மீற்றருக்குச் சிறிது கூடவும், 50 கிலோமீற்றர் வேகத்தில் வருவது ஏறக்குறைய பதினான்கு மீற்றரும் ஓடும். குறுக்கே ஓடும் பிள்ளையைச் சாரதி காண்பதற்கும் பிறேக் பிடிப்பதற்கும் இடையே ஒரு செக்கன் செல்கின்றது என்று கொள்வோம். 30இல் வந்த வாகனம் அந்த எட்டு மீற்றரோடு, பிறேக் பிடித்தபின் இன்னும் ஐந்து மீற்றரளவு சென்று, பதின்மூன்றாம் மீற்றரில் நின்றுவிடும். 50இல் வந்த வாகனத்துக்கோ பதின்மூன்றாம் மீற்றரில் இன்னும் பிறேக்கே பிடிக்கப்படவில்லை! ஒன்று நின்றுவிட்ட இடத்தை மற்றது சற்றும் வேகங் குறையாமற் கடக்கின்றது. ஆங்கே ஒரு பிள்ளை நிற்குமாயின் விளைவைச் சொல்லவேண்டியதில்லை. ஊர்மனைக்குள் 50 என்பது மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் இளைஞர்க்கு ஆமைநடையாகத் தோன்றும். பிள்ளைகள் நடக்கும் வீதிகளில் 30க்கு மேற்படலாகாதென்று 2020இல் ஸ்ரொக்ஹோம் நகரிற் கூடிய உலக வீதிப்பாதுகாப்பு மாநாடு வற்புறுத்தியதற்குக் காரணம் இக்கணக்கே. ஐந்து வயது முதல் இருபத்தொன்பது வயது வரையுள்ளோரைக் கொல்லுங் காரணங்களுள் முதலிடம் பெறுவது எந்த நோயுமன்று, வீதியே என்று உலக சுகாதார தாபனம் சொல்லுகின்றது.

யப்பானியரையும் இங்கே குறிப்பிடவேண்டும். அங்கே ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகள் பெரும்பாலும் நடந்தே செல்கின்றனர். பல ஊர்களில் அயலிலுள்ள பிள்ளைகள் ஓரிடத்திற் கூடி, மூத்த மாணவன் முன்னும் மற்றொருவன் பின்னுமாக வரிசையிற் போவர். முதல் வகுப்புப் பிள்ளைகளை மஞ்சள் தொப்பி தூரத்திலேயே காட்டிக்கொடுக்கும். எந்த வழியாற் செல்லவேண்டுமென்பதைப் பாடசாலையே வகுக்கின்றது. சந்திகளில் பெற்றோரும் ஓய்வுபெற்ற முதியோரும் கொடியோடு நிற்கின்றனர். நம்முடைய அண்ணன் தம்பி கைகோத்த பழைய முறைதான் இது. நாம் கைவிட்டோம், அவர்கள் முறைப்படுத்திக்கொண்டனர். ஆயினும் அவ்வொழுங்குங்கூட எல்லாவற்றையும் தடுத்துவிடாது. 2021ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், சீபா மாகாணத்தின் யச்சிமத்தா நகரில், வீடு திரும்பிக்கொண்டிருந்த பிள்ளைகள்மீது குடிபோதையிலிருந்த சாரதியின் லொறி பாய்ந்து இரு சிறுவர் மாண்டனர். அவர்கள் ஒரு தவறுஞ் செய்யவில்லை. அவ்விடத்தில் நடைபாதை இருக்கவில்லை. அதன்பின்பே நாடெங்கும் பாடசாலை வழிகளை மீண்டும் சோதிக்க அரசு முற்பட்டது.

ஆகவே, தொடக்கத்திற் கேட்ட வினாவுக்கு வயதைக்கொண்டு விடை கூற இயலாது. வீட்டுக்கும் பாடசாலைக்கும் இடையே கிடக்கும் வழியே விடை கூறும். ஒழுங்கையோடு ஒழுங்கையாகச் சென்று பின்வாசலால் நுழையக் கூடுமாயின் எட்டு வயதுப் பிள்ளை அயற்பிள்ளைகளோடு போகலாம். காங்கேசன்துறை வீதியையோ கண்டி வீதியையோ கடக்கவேண்டுமாயின் பன்னிரண்டு வயதும் போதாதிருக்கலாம். பெற்றோர் ஒருநாள் பிள்ளையோடு அவ்வழியே நடந்து பார்த்தல் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாலையிலன்று, பாடசாலை நாளிற் காலை ஏழு மணிக்கு. பிள்ளையை முன்னே விட்டுத் தாம் பின்னே சென்றால், அது எங்கே திகைக்கின்றது, எங்கே ஓடுகின்றது என்பதெல்லாம் புலப்படும். சிறிது சுற்றாயினும் வாகனங் குறைந்த வழியே நல்ல வழி. நடைபாதையில்லாத வீதியில் வலப்பக்கத்து ஓரமாக நடந்தால் எதிரே வரும் வாகனம் கண்ணுக்குத் தெரியும். பஸ்சிலிருந்து இறங்கியதும் அதன் முன்னாற் குறுக்கே ஓடுதல் கூடவே கூடாது. பஸ் போகட்டும், பாடசாலை ஓடிவிடாது. 2014இல் யாழ்ப்பாணம் வரை புகையிரதம் மீண்டும் ஓடத் தொடங்கிய பின்னர் பிறந்த பிள்ளைகளுக்குக்கூடப் படலையில்லாத கடவைகளில் இருபக்கமும் பார்த்து, நின்று, செவிகொடுத்துக் கேட்கும் வழக்கம் படிந்துவிடவில்லை. காதிலே பாட்டுக் கேட்கும் கருவியோடு தண்டவாளத்தைக் கடக்கும் பெரிய மாணவரை என்னென்பது!

சைக்கிளைப் பற்றியும் சில சொல்லவேண்டும். வளரும் பிள்ளைக்குச் சட்டையைப் பெரிதாகத் தைப்பது சிக்கனம். சைக்கிளைப் பெரிதாக வாங்குவது சிக்கனமன்று. ஆசனத்திலிருந்தவாறே இரு கால்விரல்களும் நிலத்தில் ஊன்றாவிடின் அச்சைக்கிள் அப்பிள்ளைக்கு உரியதன்று; அண்ணன் விட்டுச்சென்றதாயினும், வெளிநாட்டு மாமா காசனுப்பி வாங்கியதாயினும் சரியே. சிறு கைக்கு எட்டாத பிறேக் இருந்தும் பயனில்லை. புத்தகப்பையைக் கைபிடியில் தொங்கவிட்டால் திரும்பும்போது அது முன்சில்லை இழுக்கும்; பின்னாற் கட்டவேண்டும். தோழனை முன்பாரில் ஏற்றிச் செல்வது நட்புக்கு அழகாயிருக்கலாம். பிறேக் அந்த நட்பை அறியாது. மார்கழி மழையில் ஒரு கையாற் குடைபிடித்து ஓடும் வித்தையை நம் ஊரிற் காணாதவர் இல்லை. வெள்ளம் நின்ற ஒழுங்கையிலே வாய்க்கால் எது, வீதி எது என்று தெரியாதபோது இறங்கி உருட்டிச் செல்வதே முறை. தெருநாய் துரத்தினால் வேகமாக மிதிப்பதைவிட நின்று இறங்கிச் சைக்கிளை நடுவே வைத்துக்கொள்வது மேல். ஓடுவதைத்தான் நாய் துரத்தும்.

பாடசாலை போகும் வேளையிலாவது வெள்ளைச் சீருடை பிள்ளையைக் காட்டும். மாலையில் தனியார் கல்வி நிலையங்களிலிருந்து திரும்புங்கால் அதுவுமில்லை. ஆறரை மணிக்கு, ஒரே வீதியிலுள்ள மூன்று நிலையங்கள் ஒரே நேரத்தில் விட, விளக்கில்லாத இருநூறு சைக்கிள்கள் இருளில் இறங்குகின்றன. முன்விளக்கும் பின்னே ஒரு சிவப்பு ஒளிதெறிப்பியும் ஒரு மாதக் கட்டணத்தினும் குறைந்த விலைக்குக் கிடைக்கும். பெண்பிள்ளைகள் தனியாக வரும்போது அஞ்சவேண்டியது வாகனங்களுக்கு மட்டுமன்று என்பதையும் நாம் அறிவோம்; நால்வர் ஐவராகச் சேர்ந்து செல்லும் ஏற்பாட்டைப் பெற்றோரும் நிலையத்தாரும் பேசிச் செய்துகொள்ளலாம்.

நம் போன்ற ஆசிரியர்களுக்கும் இதிற் பங்குண்டு. மணி அடித்ததும் வாசலைப் பூட்டி, பிந்தி வந்தவர்களை வெளியே நிறுத்துகிறோம், தண்டிக்கிறோம். ஒழுங்கு வேண்டியதுதான். ஆனால் ஏழு மணி இருபத்தெட்டு நிமிடத்துக்குச் சந்தியில் நிற்கும் சிறுவன், அங்கு வரும் லொறிக்கு அஞ்சுவதிலும் பார்க்க நம்முடைய பிரம்புக்கு அதிகம் அஞ்சினால், அவன் எதை முந்துவான்? ஐந்து நிமிடம் பிந்திய பிள்ளையின் பெயரைக் குறித்துக்கொண்டு உள்ளே விடுவதால் எந்தப் பாடசாலையின் பெருமையும் குன்றிவிடாது.

பாடசாலை விடும்போது நடப்போரை முதலிலும், சைக்கிளில் வந்தோரை அடுத்தும், வாகனத்துக்குக் காத்திருப்போரைக் கடைசியிலும் அனுப்பலாம். பத்து நிமிடந்தான் வேறுபடும். ஏற்றவும் இறக்கவும் வரும் வண்டிகளை வாசலிலிருந்து இருநூறு மீற்றர் அப்பால் நிறுத்தச் செய்யலாம். அருகே கோயில் வீதியோ விளையாட்டிடமோ இல்லாத பாடசாலைகள் நம்மிடையே குறைவு. அங்கிருந்து பிள்ளைகள் சேர்ந்து நடந்து வரட்டும். காலால் நடக்க முடியாத பிள்ளைகளின் வண்டி மாத்திரம் வாசலுக்கு வரலாம். ஒழுங்கை பெருவீதியோடு சேருமிடத்தில், கண்ணை மறைக்கும் மதில்மூலையைச் சற்றே வெட்டிச் சரித்துத்தர வளவுக்காரர் சிலர் இணங்குவர். தவறணைக் காணிக்கு வழக்குப் பேசுவோர்கூடப் பிள்ளைகளுக்கென்றால் இரண்டடி விட்டுக்கொடுப்பர் என்றே நம்புகிறோம். வாசலருகே வேகத்தடையும், கடவைக் கோடுகளுக்குப் புதிய வர்ணமும் வேண்டுமாயின், சிறு வீதிகளுக்குப் பிரதேச சபைக்கும் பெருந்தெருக்களுக்கு வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்கும் விண்ணப்பிக்கவேண்டும். வாய்ச்சொல்லாற் கேட்டால் மறந்துவிடுவர். எந்தச் சந்தியில், எந்நேரத்தில், எத்தனை பிள்ளைகள் கடக்கின்றனர் என்பதை உயர்வகுப்பு மாணவர் ஒரு வாரம் எண்ணி எழுதிய தாளொன்றும் அவ்விண்ணப்பத்தோடு இணைந்திருந்தால், அதனை ஒதுக்கிவைப்பது எளிதன்று. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில், விளையாட்டுப்போட்டிக் கணக்குக்கு முன்னதாக இதனை எடுத்துக்கொள்ளும்படி கேட்கப் பெற்றோர் பத்துப்பேர் போதும்.